வந்து வந்து போகும் நெட்

வீட்டு இணைய இணைப்பு அடியோடு நின்றுபோனால் பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். கேபிள் அறுந்திருக்கும், கருவி எரிந்திருக்கும், அல்லது பணம் கட்ட மறந்திருப்போம். யாராவது வந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆளை அலைக்கழிப்பது வந்து வந்து போகும் இணைப்புதான். அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை உறைகிறது, பிள்ளையின் இணையத் தேர்வு பாதியில் நிற்கிறது, ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் ஓடத் தொடங்குகிறது. புகார் கொடுத்து ஆள் வந்து பார்க்கும்போது பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன. “இப்ப நல்லாத்தானே சார் இருக்கு” என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாக நடப்பவை மூன்று: ரூட்டரை அணைத்துப் போடுவது, வேகம் கூடிய பிளானுக்கு மாறுவது, புது ரூட்டர் வாங்குவது. பழுது எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே எடுக்கப்படும் முடிவுகள் இவை. விட்டு விட்டு வரும் பழுதில் முதலில் தேட வேண்டியவை இடமும் நேரமும். எந்த இடத்தில் அறுபடுகிறது, எந்த நேரத்தில் அறுபடுகிறது என்ற இரண்டும் கைக்கு வந்துவிட்டால் காரணம் பெரும்பாலும் தானாகவே வெளியே வரும். அவை தெரியாமல் செய்யும் செலவு குருட்டாம்போக்கில் செய்யும் செலவு.

இதற்கு நல்ல சான்று வேல்ஸ் நாட்டின் போவிஸ் பகுதியிலுள்ள ஆபர்ஹோசன் என்ற சிற்றூரில் கிடைத்தது. 2020 செப்டம்பரில் அது செய்தியானது. ஒன்றரை ஆண்டுக்காலம் அந்த ஊரில் தினமும் காலை 7 மணிக்கு பிராட்பேண்ட் தடுமாறிக்கொண்டிருந்தது. ஓப்பன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள் திரும்பத் திரும்ப வந்து சோதித்தார்கள், கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். பயனில்லை. கடைசியில் மின் இரைச்சலை அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையில் காலை 6 மணிக்கே ஊரைச் சுற்றி நடந்தார்கள். 7 மணி அடித்ததும் கருவியில் பெரிய இரைச்சல் பதிவானது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் போய் முடிந்தது. அந்த வீட்டார் தினமும் காலை 7 மணிக்கு அதைப் போடுவது வழக்கம். பெட்டி உமிழ்ந்த மின் இரைச்சல் செப்புக் கம்பியில் ஓடிய பிராட்பேண்டை ஊர் முழுக்கக் குலைத்திருக்கிறது. அதை அணைத்ததும் ஒன்றரை ஆண்டுத் தொல்லை தீர்ந்தது. கேபிளை மாற்றியது இடம் தெரியாமல் செய்த செலவு. காலை 7 மணி என்ற தடயமோ முதல் நாளிலிருந்தே எல்லார் கண்முன்னும் இருந்தது. இன்று நம் வீடுகளுக்கு வரும் ஃபைபர் இழையில் மின் இரைச்சல் ஏறாது, அது கடத்துவது ஒளியை. ஆகவே அதே பழுது அப்படியே இங்கே வராது. ஆனால் பழுதுக்கு ஒரு கடிகாரம் உண்டு என்ற பாடம் செம்புக்கும் பொருந்தும், கண்ணாடி இழைக்கும் பொருந்தும்.

சந்தேகம் வந்தவுடன் பலரும் செய்வது வேகச் சோதனை. இந்தத் தேடலில் அது உதவாது, சில நேரம் திசைதிருப்பவும் செய்யும். மணிக்கு ஒருமுறை 30 நொடி அறுபடும் ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். 3600 நொடியில் 3570 நொடி அது நன்றாக இருக்கிறது, அதாவது 99 விழுக்காட்டுக்கும் மேல். 30 நொடி ஓடும் வேகச் சோதனையை ஏதோ ஒரு நேரத்தில் நடத்தினால் அது அந்த அறுபடலைத் தொடுவதற்கு ஏறக்குறைய 60இல் 1 வாய்ப்புதான் உண்டு. ஆனால் ஒரு மணி நேர வேலை நேர்காணலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒருமுறை வந்தே தீரும். வேகம் என்பது குழாய் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் எண். குழாய் எப்போது அடைபடுகிறது என்று அது சொல்லாது. 100 மெகாபிட் பிளானிலிருந்து 300 மெகாபிட்டுக்கு மாறியவர் வீட்டிலும் அதே ஃபைபர், அதே கனெக்டர், அதே அடாப்டர்தான் இருக்கின்றன. மூன்று மடங்கு வேகத்தில் ஓடி, அதே 30 நொடி அறுபடுகிறது. பிளானை உயர்த்தி அறுபடல் நின்ற வீடுகளும் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் பழுதைத் தீர்த்தது, பிளானோடு சேர்ந்து வந்த புதுக் கருவியாகவோ, ஆள் வந்து கனெக்டரை மறுபடி பொருத்தியதாகவோ இருக்கும்.

அடுத்தது ரூட்டரை அணைத்துப் போடுவது. “அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, பிறகு ஏன் இத்தனை ஆராய்ச்சி?” என்ற கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அணைத்துப் போடும் அந்த ஒரே செயல் ஒரே நேரத்தில் பல காரியங்களைச் செய்கிறது. ரூட்டரின் நினைவகம் காலியாகிறது. வைஃபை தன் சேனலைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது. நிறுவனத்தோடு உள்ள இணைப்பு அறுந்து புதிய ஐபி முகவரி கிடைக்கலாம். சூடேறிய கருவி சற்றே ஆறுகிறது. வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் மறுபடி முதலிலிருந்து இணைகின்றன. இவற்றில் எது பழுதைத் தீர்த்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதைவிட மோசம், பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் தங்கள் நிகழ்வுப் பதிவைத் தற்காலிக நினைவகத்திலேயே வைத்திருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்தியதும் அந்தப் பதிவு அழிந்துவிடும். ஆக, அணைத்துப் போடுவது தடயத்தையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. அவசரத்துக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வு எழுதும் பிள்ளைக்கு உடனே இணைப்பு வேண்டும். ஆனால் சுவிட்சில் கை வைப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்துவிட வேண்டும்: கருவியின் விளக்குகளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுப்பது, மணியைக் குறித்துக்கொள்வது. பத்து நொடி வேலை. அந்தப் படத்தில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் வீட்டுக்குள் ஒளி வரவில்லை. ‘பான்’ விளக்கு பச்சையாக நின்று இணைய விளக்கு மட்டும் அணைந்திருந்தால் ஒளி வருகிறது, நிறுவனத்தோடு உள்ள கணக்குத் தொடர்பு அறுந்திருக்கிறது. எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் கைப்பேசியில் எதுவும் திறக்கவில்லையென்றால், முதலில் பார்க்க வேண்டியது வைஃபை.

நம் பேச்சில் வைஃபை என்பதும் நெட் என்பதும் ஒன்றாகிவிட்டன. குழப்பத்தின் பெரும் பகுதி இங்கேதான். கைப்பேசியின் மேல்மூலையில் நான்கு கோடும் நிறைந்திருப்பது, கைப்பேசிக்கும் அறையிலுள்ள ரூட்டருக்கும் இடையே சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. ரூட்டருக்கு வெளியே உலகம் இருக்கிறதா என்பது அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. எனவே பழுதை இரண்டாகப் பிளக்கும் முதல் சோதனை ஒரு லேன் கேபிள். மடிக்கணினியை ரூட்டரோடு கேபிளால் நேரடியாகச் செருகி ஒரு மாலை முழுவதும் வேலை செய்து பார்த்தால் போதும். கைப்பேசிகளில் அறுபடும்போது கேபிளில் இருப்பவருக்கு ஓடிக்கொண்டே இருந்தால் பழுது வைஃபையில். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் பழுது ரூட்டரில் அல்லது அதற்கு வெளியே. இதை இன்னும் நுணுக்கமாகச் செய்ய ‘பிங்’ என்ற சிறு கருவி எல்லாக் கணினியிலும் இருக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர், ஒழுங்காக நடக்காத ஒரு வலையமைப்பைச் சோதிப்பதற்காகவே எழுதிய நிரல் அது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்புத் திரையில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கு, பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.0.1, இடைவிடாமல் பிங் ஓட விட வேண்டும். மற்றதில் வெளியுலகில் எப்போதும் விழித்திருக்கும் 8.8.8.8 போன்ற முகவரிக்கு ஓட விட வேண்டும். அறுபடும் நொடியில் இரண்டு சாளரமும் நின்றால் சிக்கல் வீட்டுக்குள். முதல் சாளரம் ஒன்றிரண்டு மில்லிநொடியில் பதில் தந்துகொண்டே இருக்க, இரண்டாவது மட்டும் நின்றால் சிக்கல் ரூட்டருக்கு வெளியே. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தும் இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்திருக்கிறது. அதை வேறொன்றுக்கு மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரையும் பட்டியலிடும் சோதனையில் நடுவே ஒன்று பதில் தராமல் இருப்பதைப் பார்த்து அங்கேதான் பழுது என்று முடிவு கட்டக் கூடாது. பெரிய ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கும். அதற்கு அப்பாலுள்ளவை பதில் தருகின்றனவா என்பதுதான் கணக்கு.

வீட்டுக்குள் என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது வைஃபையின் அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தளத்துக்கு நான்கு வீடு என்றால் மேலும் கீழும் பக்கத்திலும் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ரூட்டர்கள் இந்த மூன்றைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. மாலையில் எல்லாரும் வீடு திரும்பியதும் திணறல் தொடங்கும், நள்ளிரவில் அடங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை அகலமானது, நெரிசல் குறைவு. இந்தியாவில் 2018இல் அந்தப் பட்டையின் பெரும் பகுதி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. ஆனால் அதற்குச் சுவர் பிடிக்காது. நம் வீடுகளின் செங்கல் சுவரும், கம்பி கட்டிய கான்கிரீட் தளமும், நடுவே நிற்கும் இரும்பு பீரோவும் சேர்ந்தால் இரண்டாவது அறைக்குள் அது நலிந்துவிடும். இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் வீடுகளில் கைப்பேசி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும்போது ஓரிரு நொடி அறுபடும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்துகொண்டே பேசுபவருக்கு நெட் போய் வருவதாகத் தோன்றுவது இதனால்தான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து இரண்டு நாள் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் நடுப்பகுதிச் சேனல்கள் ரேடார்களோடு பகிரப்படுபவை. ரேடார் போன்ற அலையைக் கண்டால் அங்கிருந்து உடனே விலகும்படி ரூட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன, புதுச் சேனலுக்குப் போகும்போது ஒரு நிமிடம்வரை காத்துக் கேட்கவும் செய்யும். விமான நிலையத்தையோ வானிலை ரேடாரையோ ஒட்டிய பகுதியில் எப்போதாவது 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், சேனலை 36 முதல் 48க்குள் நிறுத்திப் பார்க்கலாம்.

வைஃபை தவிர வீட்டுக்குள் இரண்டு காரணங்கள் அடிக்கடி தப்பிவிடுகின்றன. ஒன்று, பழைய ரூட்டரை மாடிக்குச் சிக்னல் போகட்டும் என்று இரண்டாவது ரூட்டராக மாட்டுவது. அதன் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தாமல் மாட்டினால் ஒரே வீட்டில் இரண்டு பேர் கதவு எண் கொடுப்பார்கள். சில கருவிகளுக்குச் சரியான வழியும் சிலவற்றுக்குத் தவறான வழியும் கிடைக்கும். யாருக்கு எப்போது அறுபடும் என்பதில் ஒழுங்கே இருக்காது. இன்னொன்று, பதிவேற்றத்தின் நெரிசல். கைப்பேசி ஒன்று நாள் முழுவதும் எடுத்த படங்களை இரவில் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியதும் வீடியோ அழைப்புகள் உறையும். இணைப்பு அறுந்திருக்காது, ஆனால் ரூட்டருக்குள் நீண்ட வரிசை சேர்ந்து 20 மில்லிநொடியில் வர வேண்டிய பதில் அரை நொடி, ஒரு நொடி கழித்து வரும். இந்த நோய்க்கு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே அதைக் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற மாற்று வரிசை முறையை வெளியிட்டார்கள். அந்த முறை உள்ள ரூட்டர்கள் இன்று கிடைக்கின்றன. பிங் சாளரத்தில் இதன் அடையாளம் தெளிவாகத் தெரியும்: பதில் வராமல் போவதில்லை, பதிலின் நேரம் மட்டும் மளமளவென்று ஏறும். அறுபடலையும் தாமதத்தையும் பிரித்துப் பார்க்காதவர் இதற்கு ஃபைபரைக் குற்றம் சொல்வார்.

மின்சாரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி கருவிகளும் ரூட்டர்களும் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகின்றன. வருடக்கணக்கில் இரவும் பகலும் சூட்டிலேயே கிடக்கும் அந்தச் சிறு அடாப்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் மெல்ல வற்றுகின்றன. அதன் பிறகு சுவர் மின்னழுத்தம் லேசாகத் தாழ்ந்தாலும் வெளியே வரும் 12 வோல்ட் நிலையாக இருக்காது. கிணற்று மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்கும் வீடுகளில், அதே கணத்தில் ரூட்டர் தானாக அணைந்து எழுவதைக் காணலாம். எழுந்து முடிக்க ஓரிரு நிமிடம் ஆகும் என்பதால் வீட்டாருக்கு அது நெட் போனதாகத்தான் தெரியும். இன்வர்ட்டருக்கு மின்சாரம் மாறும் கண்ணிமைப்பொழுதிலும் இது நடக்கும். கண்டுபிடிப்பது எளிது: பிரவுசரில் திறக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், அது எத்தனை நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு இருக்கும். அறுபட்ட பிறகு அந்த எண் சில நிமிடங்களைக் காட்டினால் கருவியே அணைந்து எழுந்திருக்கிறது. பல நாட்களைக் காட்டினால் மின்சாரம் குற்றவாளி இல்லை. தீர்வும் மலிவு. அதே வோல்ட்டும் அதே ஆம்பியரும் உள்ள நல்ல அடாப்டர், வேண்டுமானால் ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போகிறதென்றால் நின்றுபோனது உள்ளூர் கேபிள் அலுவலகத்தின் கருவி. அவர்களின் பேட்டரி தாங்கவில்லை என்று பொருள்.

இனி ரூட்டருக்கு வெளியே. தெருவில் ஓடும் ஒற்றை ஃபைபர் இழை கம்பத்துப் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டரால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. இப்படி ஒளியைப் பகிரும் ஜிபான் என்ற முறையில் நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு 1310 நானோமீட்டரிலும் ஒளி ஓடுகிறது. 32ஆகப் பிரிந்த பிறகு ஒரு வீட்டுக்குக் கிடைப்பது புறப்பட்ட ஒளியில் 32இல் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் வளைவும் அழுக்கும் தின்கின்றன. வீட்டுக் கருவிக்குக் கிடைக்கும் ஒளியை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். பரவலாக உள்ள பி பிளஸ் வகையில் அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிறது. மைனஸ் 20இல் இருந்த வீடு மைனஸ் 26க்கு இறங்கினால் கால் பங்கு ஒளியே மிஞ்சுகிறது, ஆனாலும் இணைப்பு ஓடும், வேகச் சோதனையும் முழு வேகம் காட்டும். விளிம்பில் நிற்கும் அந்த வீட்டில்தான் காற்று அடித்துக் கேபிள் ஆடும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும்போதும் அளவு கோட்டைத் தாண்டி இணைப்பு அறுபடும். பல ஓஎன்டிகளின் அமைப்புப் பக்கத்தில் இந்த எண் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற பெயரில் இருக்கிறது. ஆள் வந்து பவர் மீட்டர் வைத்தால்தான் தெரியும் என்பதில்லை. நல்ல நாளில் ஒருமுறை, அறுபட்டுத் திரும்பிய உடனே ஒருமுறை அதைக் குறித்துக்கொண்டால் வெளிப்பழுதுக்கு அதைவிட உறுதியான சான்று வேண்டாம்.

ஒளி எங்கே தொலைகிறது? முதலில் வளைவில். பழைய வகை இழைக்கு ஏறக்குறைய 30 மில்லிமீட்டருக்குக் குறையாத வளைவு ஆரம் வேண்டும். வளைவைத் தாங்கவென்றே செய்த ஜி.657.ஏ2 வகை 7.5 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். வெள்ளையடிக்க வந்தவர் கேபிளைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருப்பார், கதவு நிலையில் கேபிள் நசுங்கியிருக்கும், மீந்த நீளத்தை இறுக்கிக் கட்டி ரூட்டருக்குப் பின்னால் செருகியிருப்பார்கள். இழை ஒடிந்திருக்காது, ஆனால் வளைவின் ஓரத்தில் ஒளி கசிந்துகொண்டே இருக்கும். நீளமான அலைநீளமே வளைவில் அதிகம் கசியும் என்பதால் வீட்டுக்கு வரும் 1490தான் முதலில் அடிபடும். அடுத்தது கனெக்டர். ஒளி ஓடும் உள்ளிழையின் விட்டம் 9 மைக்ரோமீட்டர் அளவுதான். விரல் பட்ட எண்ணெய்ப்பசையோ ஒரு துகள் தூசியோ அதை மூடப் போதும். பச்சை நிறக் கனெக்டரின் முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், நீல நிறத்தின் முனை சாய்வில்லாமல் இருக்கும். கையில் கிடைத்ததென்று பச்சையை நீலத்தில் செருகினால் இரண்டு முகமும் ஒட்டாமல் இடையில் காற்று நிற்கும். இணைப்பு ஓடும், ஆனால் விளிம்பில் ஓடும். ஆகவே பழுதுபார்க்க வந்தவரிடம், கனெக்டரைக் கழற்றித் துடைத்து, முன்னும் பின்னும் பவர் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று சொல்லும்படி கேட்க வேண்டும். இழையின் முனையை வீட்டார் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி, கண்ணுக்குக் கேடு. இவற்றுக்கு அப்பால் அணில் கடித்த கேபிள், லாரி உரசியது, சாலை தோண்டியது என்பவை உண்டு. அவை பெரும்பாலும் இணைப்பை முழுக்கவே நிறுத்திவிடும் என்பதால் இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனத்துக்குரியது. ஒரே ஸ்ப்ளிட்டரில் உள்ள வீடுகள் முறைவைத்துத்தான் ஒளியை மேலே அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டு ஓஎன்டி ஒன்று கெட்டு முறை தவறி ஒளியை வீசிக்கொண்டிருந்தால் தெருவே தடுமாறும். ஆபர்ஹோசன் தொலைக்காட்சியின் ஃபைபர் காலத்து உறவு இது. எதிர்வீட்டிலும் அதே நிமிடத்தில் அறுபடுகிறதா என்று கேட்டுக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

இப்படிச் சேர்த்த நேரக்குறிப்புகளை ஒரு வாரம் கழித்து வரிசையாகப் பார்த்தால் அவை பேசும். பிற்பகல் வெயிலில் மட்டும் வந்தால் சூடு. மழை, காற்றோடு வந்தால் தெருக் கேபிள். மோட்டாரோடு வந்தால் அடாப்டர். இரவு 7 முதல் 11 வரை மெதுவாகித் திணறினால் நெரிசல், அது வைஃபையிலா நிறுவனத்திலா என்பதை லேன் கேபிள் சொல்லிவிடும். துல்லியமாக இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வந்தால் காற்றும் வெயிலும் அப்படி மணி பார்த்து வருவதில்லை. ஏதோ ஒரு முகவரிக் கெடுவோ கணக்குத் தொடர்பின் கெடுவோ முடிந்து மறுபடி தொடங்குவதில் கோளாறு என்று நினைக்க இடமுண்டு.

பணம் கட்டும் வாடிக்கையாளர் ஏன் இத்தனை பாடுபட வேண்டும், இது நிறுவனத்தின் வேலை இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடமை நிறுவனத்துடையது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. சொல்லப்போனால் தெருவழிப் பழுதின் சான்று ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. மின்சாரம் போய் அணையும் ஓஎன்டி கடைசி நொடியில் ‘நான் மின்சாரம் இல்லாமல் விழுகிறேன்’ என்ற செய்தியை மேலே அனுப்பிவிட்டுத்தான் அணைகிறது. ஒளி அறுந்து விழுந்தால் அந்தச் செய்தி போகாது. வீடுகளின் ஃபைபர் போய்ச் சேரும் நிறுவனத்தின் ஓஎல்டி கருவியில் ஒவ்வொரு வீடும் எப்போது விழுந்தது, எதனால் விழுந்தது என்ற பதிவு இருக்கும். அதைப் பார்க்காமலேயே ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லும் வாடிக்கையாளர் மையம் தன் வேலையைச் செய்யவில்லை. ஆனால் ரூட்டருக்கு இந்தப் பக்கம், அதாவது வைஃபை, இரண்டாவது ரூட்டர், மோட்டார், பீரோ ஆகியவற்றைப் பற்றி நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்தப் பாதியை வீட்டார்தான் சோதிக்க முடியும். அதை முடித்துவிட்டுக் கேட்பவரிடம் “உங்க வைஃபை பிரச்சினை” என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. கருப்புத் திரையும் எண்களும் எல்லாருக்கும் கைவராது என்பதும் உண்மை. அவர்களுக்கு விளக்குகளின் படமும், ஒரு தாளில் குறித்த மணியும், எதிர்வீட்டாரிடம் கேட்ட ஒரு கேள்வியுமே பாதி வேலையை முடித்துத் தரும்.

விதிகளும் விட்டு விட்டு வரும் பழுதைக் கண்டுகொள்ளும்படி எழுதப்படவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் கொண்டுவந்த பிராட்பேண்ட் சேவைத்தர விதிகள் பழுதுகளை அடுத்த வேலைநாளுக்குள்ளும் 3 வேலைநாட்களுக்குள்ளும் தீர்க்க வேண்டிய அளவைச் சொன்னன, அதைத் தாண்டி நீடிக்கும் பழுதுக்கு வாடகைத் தள்ளுபடியும் சொன்னன. ஆள் வருவதற்குள் தானாகவே சரியாகிவிடும் இணைப்பு இந்தக் கணக்கில் பழுதாகவே சேராது. எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து 98 விழுக்காடு நேரம் சேவை இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் அதில் இருந்தது. 30 நாள் மாதத்தில் மீதி 2 விழுக்காடு என்பது 14 மணி நேரத்துக்கும் மேல். தினமும் மணிக்கு 30 நொடி அறுபட்டு ஒரு வீட்டைப் படுத்தும் இணைப்பு மாதம் முழுவதும் கூட்டினாலும் 6 மணி நேரம்தான் வரும். 2024 அக்டோபர் 1 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆனால் மாதச் சராசரியை மட்டும் பார்க்காமல், ஒரு வீட்டில் எத்தனை முறை அறுபட்டது என்ற எண்ணிக்கையை அளவாக வைத்து மாதந்தோறும் பில்லிலேயே அச்சிடச் சொல்லும் காலம் வர வேண்டும். பதிவு ஓஎல்டியில் இருக்கும்போது இது முடியாத காரியமில்லை.

அதுவரை இருக்கும் வழி எழுத்துவழிப் புகார். தொலைபேசியில் சொன்னாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டிராயின் 2012 புகார்த் தீர்வு விதிகளின்படி முதல் புகார் தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம், அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனுவில் “அடிக்கடி நெட் கட் ஆகிறது” என்ற ஒற்றை வரியை எழுதினால் வரும் பதிலும் ஒற்றை வரியாகத்தான் இருக்கும். லேன் கேபிளில் சோதித்ததாகவும், ரூட்டர் இடையில் அணைந்து எழவில்லை என்றும் எழுதி, அறுபட்ட நாள், மணி, நீடித்த நேரம், அப்போதைய விளக்குகளின் படம், நல்ல நேரத்திலும் கெட்ட நேரத்திலும் எடுத்த டிபிஎம் அளவு ஆகியவற்றை இணைத்து, ஓஎல்டியில் இந்த இணைப்பு விழுந்த நேரங்களும் காரணமும் வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.